கிழட்டு டிராக்டர் கலப்பையைத் தூக்க மறுத்த படலம்

மசகெண்ணெய் மணக்கும் மார்பினனும், நகக்கண் தோறும் கருமை குடிகொண்ட கரத்தினனும், தண்ணீர் மோட்டார் முதல் தையல் மெஷின் வரை கண்ணிற் பட்டதையெல்லாம் கழற்றிக் களிப்பவனும், கழற்றியவற்றுள் பெரும்பாலானவற்றைத் திரும்பவும் பூட்டிக் காட்டியவனும், பூட்டி முடித்தபின் கையில் மிஞ்சும் திருகாணிகளைத் தகர டப்பாவிலிட்டுக் காக்கும் தகைமையாளனும், தெருவோர் அனைவராலும் ‘ஸ்பேனர்’ என்னும் பட்டப்பெயரால் நேரிலும் வேறு சில பெயர்களால் மறைவிலும் அழைக்கப்படும் மாண்பினனும், எவரிடத்தும் எதனையும் வாய்விட்டுக் கேளாமலே எல்லாம் அறிந்தவனுமாகிய எம் பாட்டுடைத் தலைவன் வாழ்க. அவன் தோளிற் கிடக்கும் துண்டு வாழ்க. அவனை மணந்தும் சித்தம் கலங்காதிருக்கும் அவன் மனைவி அதனினும் நீடு வாழ்க. அவன் ஒரு விவசாயி.

அவன் ஊர்தியின் பெருமையையும் ஒருவாறு சொல்லிவிடுவோம். ஒருகாலத்தில் சிவப்பாயிருந்ததென்று சான்றோர் கூறும் மேனியும், ஒன்று புரைவிழுந்தும் மற்றொன்று முற்றாக அவிந்தும் நிற்கும் முகவிளக்குகளும், ஸ்பிரிங் வெளிவந்து ஏறுவோரின் மறைவிடங்களைப் பதம்பார்க்கும் இருக்கையும், காலையில் கிளப்பினால் தெருவை முதலில் எழுப்பிவிட்டுத் தான் கடைசியில் எழும் பெருங்குரலும் உடையது அந்த டிராக்டர். வேறொருவர் ஓட்டித் தேய்த்தபின் இவன் கைக்கு வந்தது. வந்த நாள்முதல் அதைக் கழுவித் துடைத்து, கோளாறு வந்தபோதெல்லாம் கூடவே படுத்து எழுந்து, பிள்ளையைப்போல் பார்த்துக்கொண்டான். சுற்றி வளைப்பானேன், அந்த வண்டி என்றால் அவனுக்கு உயிர்.

அவ்வூர்தியின் வயிற்றுக்குள் ஹைட்ராலிக் என்றொரு மாயம் உண்டு. பம்ப் எண்ணெயை நெருக்கித் தள்ள, நெருக்குண்ட எண்ணெய் சீறிச் செல்ல, சென்ற எண்ணெய் பின்புறத்து இரும்புக் கரங்கள் இரண்டையும் விண்ணோக்கி உயர்த்த, அக்கரங்களிற் பூட்டிய கலப்பை மண்ணைவிட்டு எழும். லீவரைத் தாழ்த்தினால் மண்ணுக்குள் இறங்கும். எமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்தக் கதைக்கு இது போதும்.

இனிப் போர் மூண்ட விதம் கூறுவோம். வானத்தின் விளிம்பில் யானைக்கூட்டம்போல் மேகங்கள் வந்து குழுமியிருந்த ஒரு காலை. மழைக்குமுன் உழுதாலன்றி விதைப்புத் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் அந்தப் பருவமே கைநழுவும் என்னும் நெருக்கடியை நெஞ்சிற் சுமந்து, எம் தலைவன் இருக்கையேறி, ஸ்பிரிங்கின் கூர்முனைக்கு இடப்பக்கமாக லாவகமாய் அமர்ந்து, இன்ஜினைக் கிளப்பி, கலப்பையைப் பூட்டி, உலகை உயர்த்தப் புகுவான்போல் லீவரைப் பற்றி இழுத்தான். இழுத்த மாத்திரத்தில், வண்டியின் அடிவயிற்றிலிருந்து ‘ங்ங்ங்’ என்றொரு நெடுமுனகல் பிறந்தது, தகரக் கூரை நடுங்கிற்று, புறாக்கள் பறந்தன. கலப்பை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மீண்டும் இழுத்தான், மீண்டும் முனகிற்று. கெஞ்சி இழுத்தான், அதட்டி இழுத்தான், வேறெங்கோ பார்ப்பதுபோல் பாவனைசெய்து வண்டி அசந்த நேரம் பார்த்துச் சட்டென்று இழுத்தான். எந்தப் பாச்சாவும் பலிக்கவில்லை.

அவ்வமயம், சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு, கையிற் கரண்டியோடு தோன்றினாள் தலைவி. அவள் வானத்தை நோக்கினாள், கலப்பையை நோக்கினாள், கணவனை நோக்கினாள். நோக்கியபின், அரியணை ஏறிய பேரரசி எல்லைப்புறத்துச் சிற்றரசனுக்கு ஓலை விடுப்பாள்போல், பின்வருமாறு பிரகடனம் செய்தாள்:

“மழை வந்துடும்போல இருக்குங்க. மத்தியானத்துக்குள்ள இது தூக்கலைன்னா அண்ணன் வண்டியை வெச்சு உழுதுடலாம். இதை எடைக்குப் போட்டுடலாம். வருஷா வருஷம் இதே பாடாப் போச்சு.”

எடைக்கு. அந்தச் சொல் வேலாய் வந்து அவன் விலாவில் இறங்கிற்று. ஏனெனில் அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் அண்ணனும், என்றைக்கடா சாக்கு கிடைக்குமென்று காத்திருப்பவன். கூரை போட்டதும், மின்விசிறி சுழல்வதும், பாட்டுப் பாடுவதுமான புது டிராக்டர் ஒன்றை வாங்கி, அதைத் தங்கை வீட்டு வாசலில் காரணமில்லாமல் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போகிறவன். அவன் வண்டி தன் நிலத்தில் இறங்குவதையும், தன் வண்டி இரும்புக்கடைத் தராசில் ஏறுவதையும் ஒருசேர நினைத்த எம் தலைவனுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

பயம் வந்தாலும் வாய் குறையுமா? துண்டை உதறித் தலையில் கட்டி, வலக்கையில் ஸ்பேனரை உயர்த்தி, எண்டிசையும் கேட்க வஞ்சினம் கூறினான்:

“மத்தியானம் என்ன, இன்னும் கொஞ்ச நேரத்துல தூக்கும் பாரு.”

“மெக்கானிக்கை ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“எனக்குத் தெரியாததையா அவன் சொல்லப் போறான்? என் வண்டி எனக்குத் தெரியாதா?”

அவள் கரண்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எழுந்தது போர். படைக்கலச் சாலையாகிய மரப்பெட்டி திறக்கப்பட்டது. வாய் அகன்ற ஸ்பேனர்களும், வாய் தேய்ந்த ஸ்பேனர்களும், சுத்தியல் என்னும் சொல்லுக்கு அஞ்சாத பேருளியும், பிடியற்ற சுத்தியலும், சுத்தியலற்ற பிடியும் அணிவகுத்து மண்ணிற் கிடந்தன. கிழிந்த சாக்கை விரித்து, அதன்மேல் மல்லாந்து, தலைமுன்னாக நகர்ந்து வண்டியின் அடிப்புறத்து இருளுக்குள் எம் தலைவன் புகுந்த காட்சியை என்னென்பது! செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

முதலில் எண்ணெய்க் கோட்டையை முற்றுகையிட்டான். எண்ணெய் குறைந்தால் கரங்கள் தளரும் என்பது போர்நூல் மரபாதலின், அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி, மீண்டும் உருவி, வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தான். எண்ணெய் உச்சக் கோட்டைத் தொட்டுக்கொண்டு, கள்ளமில்லாக் குழந்தையின் கண்போல் தெளிந்திருந்தது. நுரையில்லை, ஆதலால் காற்றுப் புகவில்லை. வெளுப்பில்லை, ஆதலால் தண்ணீர் கலக்கவில்லை. எம் தலைவனுக்கு இது பெருத்த ஏமாற்றம்.

அடுத்து ஃபில்டர். அஃது எண்ணெயின் ஆழத்தில் ஒளிந்துறையும் வலைக்கவசம். அதில் அழுக்கு அடைத்தால் பம்ப் மூச்சு முட்டும். அதை எட்டவேண்டுமானால் எண்ணெயனைத்தையும் வடித்தாக வேண்டும். வடிகால் போல்ட்டோ, முற்பிறவிப் பகை தீர்ப்பதுபோல் திருகுக்கு இசையாமல் நின்றது. எம் தலைவன் பல்லைக் கடித்தான்; ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டினான்; காலை உதைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, தன் குலத்தின் பலமனைத்தையும் தோளில் திரட்டி ஒரு முறுக்கு முறுக்கினான். போல்ட் விட்டது. விட்ட வேகத்தில் எண்ணெயருவி பீறிட்டு, பக்கத்தில் பிடிக்கவைத்த பழைய வாளியை அறவே மதியாது, மார்பிலும் முகத்திலும் மயிரடர்ந்த காதுகளிலும் வழிந்து அவனுக்கு முடிசூட்டு நீராட்டு நடத்திவைத்தது. அவசரமாகப் புரண்டு எழப்போனவன் அச்சில் மண்டையை இடித்துக்கொண்டான்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். காயம் பட்டது பிடரியில். புறப்புண் கொண்டான் என்று பொறாமைக்காரர் கதைகட்டக் கூடும். அப்படியன்று; அவன் பகையை நோக்கியே படுத்திருந்தான்; புண்தான் வழிதவறிப் பின்னால் வந்தது. நல்ல வீக்கம்.

வெளியே எடுத்த ஃபில்டரை அவன் பகலொளியில் உயர்த்திப் பார்த்தபோது, அதன் கண்ணிகள் ஒவ்வொன்றும் பளிச்சென்று மின்னின. மின்னாமல் என்ன செய்யும்? போனமாதம் வேறு வேலையில்லாத ஒரு நாளில் அவனேதான் கழுவிப் போட்டிருந்தான். எண்ணெயை வடிகட்டி மீண்டும் ஊற்றியதோடு அந்த முற்றுகையும் ஓய்ந்தது.

இந்த நேரம் பார்த்து, தெருக்கோடியில் பாட்டுச் சத்தம் கேட்டது. கூரை நிழற்ற, விசிறி சாமரை வீச, பளபளக்கும் பச்சை மேனியோடு புது டிராக்டர் வந்து முற்றத்தில் நின்றது. அதிலிருந்து சட்டை கசங்காமல் இறங்கினான் மைத்துனன். எண்ணெயில் முக்கியெடுத்த எலிபோல் நின்ற தங்கை கணவனை மேலும் கீழும் பார்த்து, கவிழ்த்துப்போட்ட டின் ஒன்றின்மேல் கைக்குட்டையை விரித்து அமர்ந்து, நிமித்திகன்போல் எதிர்காலமும் இறந்தகாலமும் உரைக்கலானான்.

“பம்ப் போயிருக்கும் மாப்ள.”

எம் தலைவன் பம்ப்பின் இணைப்புகளை இறுக்கினான்.

“சீல் போயிருக்கும்.”

எம் தலைவன் சீல்களைத் தடவிப் பார்த்தான். ஒழுகலில்லை.

“வால்வு போயிருக்கும். ஏன் மாப்ள இந்தப் பாடு? வயசாயிடுச்சுல்ல, எல்லாமே போயிருக்கும்.”

போயிருக்கும், போயிருக்கும் என்று சொல்லச் சொல்ல, போருக்கு வந்தவன் இழவுவீட்டில் நிற்பதுபோல் ஆனான். ஆயினும் ஒன்றையும் கேட்டுக்கொள்ளாதவன்போல் லீவரிலிருந்து உள்ளே செல்லும் கம்பியைக் கழற்றி நிமிர்த்தினான். நிமிர்ந்திருந்ததால் சற்று வளைத்தான். வளைந்ததால் மறுபடி நிமிர்த்தினான். தட்டவேண்டிய இடங்களில் சுத்தியலால் தட்டினான். தட்டக் கூடாத இடங்களிலும் மைத்துனன் பார்க்காதபோது தட்டினான். சோறு போட்டுவைத்த தட்டில் ஈ மொய்த்தது. மேகமோ விளிம்பைவிட்டு நடுவானுக்கே வந்துவிட்டது.

கடைசியில், இருக்கையேறி, மூச்சையடக்கி, லீவரை இழுத்தான். ‘ங்ங்ங்’ என்றது வண்டி. அத்துடன் சரி. இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கின்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். அந்த முனகல் வண்டியின் கடைசி மூச்சென்றே அவன் நம்பினான். இத்தனை வருடம் கூட இருந்ததைத் தன் கையாலேயே தள்ளிக் கொண்டுபோய்த் தராசில் ஏற்றப்போகிறோமே என்று கண்ணைத் துடைத்தான். எண்ணெய் பட்டதால் கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டான்.

தலைவி வந்தாள். கணவன் சாய்ந்திருந்த கோலத்தைக் கண்டதும் காலையில் பேசிய பேச்சு அவளுக்கே உறுத்திற்று. குரலைத் தாழ்த்திக்கொண்டு, புண்பட்ட யானையை வழிக்குக் கொண்டுவரும் பாகன்போல் பக்குவமாகப் பேசினாள்.

“விடுங்க. உழவை அண்ணன் பார்த்துக்கட்டும். நேத்து கடைசி நடை எரு டிரெய்லர்லயே நிக்குது. அதைக் கட்டித் தாங்க, மழைக்குள்ள கொண்டுபோய்க் கொட்டிடறேன்.”

“கட்டி என்ன பண்ண? டிரெய்லரும் தூக்காது. அதுக்கும் இதே ஆயில்தான்.”

“நேத்து தூக்குச்சே.”

“நேத்து உசிரோட இருந்துச்சு.”

இங்கே அவ்வீட்டின் ஆட்சிமுறையை அறிந்துகொள்ள வேண்டும். ஒரே டிராக்டர்தான், ஆனால் அதில் இரண்டு இராச்சியங்கள். கலப்பை பூட்டினால் அது அவனுடையது. எருவும் கல்லும் மூட்டையும் ஏற்றிப் பின்னால் சாய்த்துக் கொட்டும் டிரெய்லரைப் பூட்டினால் அவளுடையது. அவள் கலப்பையைத் தொட்டதில்லை. அவன் டிரெய்லரின் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை, எரு அள்ளுவது தன் மேதைமைக்குக் குறைவென்று எண்ணியதால். அவள் இராச்சியத்தின் சட்டதிட்டங்கள் அவனுக்குத் தெரியாது. தெரியாதென்று அவனுக்குத் தெரியாது.

கலப்பையைக் கழற்றிவிட்டு, வண்டியைப் பின்னோக்கி நகர்த்தி, டிரெய்லரைப் பூட்டினார்கள். அவள் டிரெய்லரின் எண்ணெய்க் குழாயாகிய ஆயில் ஓஸை எடுத்து, டிராக்டரின் பின்புறத்து வாயில் செருகினாள். வண்டி செத்ததை மனைவிக்கும் மைத்துனனுக்கும் மேகங்களுக்கும் ஐயந்திரிபற மெய்ப்பித்துவிடும் கசப்போடு, எம் தலைவன் முற்றத்திலேயே, முழு வேகத்தில், லீவரை அதன் எல்லைவரைக்கும் இழுத்துப் பிடித்தான்.

டிரெய்லர் எழுந்தது. மலை எழுவதுபோல் எழுந்தது. மலைத்து நின்ற மூவரின் தலைக்கு மேலாகவும் எழுந்தது. எழுந்து சாய்ந்து, பின்கதவு படாரென்று திறக்க, வெற்றிவீரன்மீது விண்ணோர் பொழியும் பூமாரியென, நன்கு மக்கிய எருமாரியைப் பொலபொலவென்று பொழிந்தது. பொழிந்த இடத்தில் மைத்துனனின் புது டிராக்டர் நின்றிருந்தது. அதன் முன்சக்கரம் இரண்டும் மறைந்துபோயின.

“மாப்ள” என்றான் மைத்துனன், மெதுவாக. பிறகு வேறொன்றும் சொல்லத் தோன்றாமல், ஒரு குச்சியைத் தேடி எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டிக் குனிந்து, தன் வண்டியின் பளபளப்பைச் சுரண்டி மீட்கத் தொடங்கினான்.

எம் தலைவன் லீவரை விடாமலே கேட்டான்: “டிரெய்லரைத் தூக்குது. அப்புறம் ஏன் கலப்பையைத் தூக்கல?”

தலைவி டிரெய்லரை இறக்கச் சொன்னாள். இறக்கியதும் இருக்கையின் அடியில் கைவிட்டாள். அங்கே, துருவும் தூசியும் படிந்த ஒரு சிறு இரும்புக் குமிழ் உண்டு. பழைய வண்டியில் எதற்கென்றே தெரியாத உறுப்புகள் எத்தனையோ; அவற்றுள் அதுவும் ஒன்றென்று முடிவுகட்டி, எம் தலைவன் அந்நாள்வரை அதில் தன் துண்டை மாட்டிவந்தான். எண்ணெய் கலப்பைக் கரங்களுக்குப் போவதா, டிரெய்லருக்குப் போவதா என்று வழிவிடும் கதவு அதுதான்.

“இது டிரெய்லர் பக்கமே இருக்கு பாருங்க” என்றாள் அவள், அண்ணன் காதில் விழாதபடி. “நான் வேலை முடிஞ்சதும் திருப்பி வெச்சுட்டுத்தான் இறங்குவேன். நேத்தும் கை வெச்சேன். நீங்கதான் அங்கிருந்து கத்துனீங்க, என் வண்டியை நோண்டாத, அப்படியே விட்டுட்டு இறங்குன்னு. அப்படியே விட்டுட்டு இறங்கிட்டேன்.”

ஆம். நேற்று மாலை, அண்டை வயற்காரர் இருவர் பார்த்திருக்க, வீராவேசத்தோடு அவன் அவ்வாறு முழங்கியது உண்மை. காலையிலிருந்து வண்டி முனகியதும் சாகப்போவதால் அன்று. நல்ல உடம்போடிருந்த பம்ப், ஓஸைக் கழற்றியதால் மூடிக்கொண்ட டிரெய்லர் வழியை முட்டி முட்டித் தள்ளிய சத்தம் அது. ‘நேத்து வண்டியில என்ன பண்ணே?’ என்று சமையலறை வாசலில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். எண்ணெய் முழுக்கும், பிடரி வீக்கமும், பாழாய்ப்போன காலைப்பொழுதும் அந்த ஒரு வார்த்தையின் விலை.

அவள் குமிழைத் திருப்பினாள். எந்தப் பக்கம் திருப்பினாள் என்பதை அவன் கவனிக்கவில்லை. மைத்துனன் திரும்பிப் பார்த்துவிடுவானோ என்ற பதைப்பில் அவன் கண் அந்தப் பக்கமே இருந்தது. லீவரை இழுத்தான். பின்புறத்து இரும்புக் கரங்கள் இரண்டும், முனகாமல், முரண்டு பிடிக்காமல், வெண்ணெயில் வழுக்குவதுபோல் மேலே எழுந்தன. எழுந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தான் மைத்துனன்.

“அட, தூக்குதே. என்ன மாப்ள கோளாறு?”

எம் தலைவன் வாயைத் திறந்தான். வாழ்நாளில் முதல்முறையாகச் சொல்வதற்கு அவனிடம் எதுவும் இல்லை.

“ஏதோ சின்ன அடைப்பாம் அண்ணே” என்றாள் தலைவி. “காலையில இருந்து உள்ள புகுந்து அவருதான் சரி பண்ணாரு. நீ கை கழுவிட்டு வா, டீ போடறேன்.”

அதன்பின் அவன் உழுத உழவை உரைக்க யாரால் ஆகும்? கட்டிகள் தெறிக்க, புதுமண் புரள, வரப்புக்கு வரப்பு கலப்பை தாழ்வதும் எழுவதுமாய், விரட்டிவரும் மேகத்துக்கு முன்னால் கிழட்டு டிராக்டர் புகைகக்கி ஓடிற்று. வண்டி பிழைத்தது என்ற மகிழ்ச்சி ஒருபுறம் பொங்கினாலும், ‘அவருதான் சரி பண்ணாரு’ என்ற சொல் ஒவ்வொரு திருப்பத்திலும் கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டது. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டைபோட்டு ஆற்றிக்கொண்டிருப்பான். காட்டிக்கொடுக்காமல் விட்டதை எப்படித் தாங்குவதென்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசிச் சாலும் விழுந்து முடிய, மழையும் விழுந்தது.

பொழுது சாய்கையில், மழைநீரும் மசகெண்ணெயும் மண்ணும் மாறிமாறி வழியும் மேனியனாய், மண்டை வீங்கிய மாவீரனாய், இறுகிய போல்ட்டுக்கும் இரும்புக்கடைத் தராசுக்கும் மைத்துனனின் நிமித்தங்களுக்கும் நெஞ்சு கலங்காத எம் தலைவன், அன்றைய போர்களிலெல்லாம் கொடிய போரொன்று எஞ்சியிருப்பதை உணர்ந்து, சமையலறை நிலைப்படியில் வந்து நின்று, துண்டைப் பிழிந்து, தொண்டையைச் செருமி, மறுபடி துண்டைப் பிழிந்து, அடுப்படியிலிருந்து திரும்பாமலே நின்ற மனைவியின் முதுகை நோக்கி, பிறந்தது முதல் அவன் நா உரைத்தறியாத பெருஞ்சொல்லை உரைப்பதற்காகத் தன் திருவாய் மலர்ந்தான்.

“அந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்பணும்?” என்று கேட்டான்.